தறிநாடாவின் அடியும் தொழிலாளியின் செவியும்

(நமது அறக்கட்டளையின் தொழிற்கல்வி உதவித்தொகை வழங்கும் நிகழ்ச்சியில் செயலாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



மதிப்பிற்குரிய ஜமாஅத்தார்களே, தாய்மார்களே, ஐ.டி.ஐ.யிலும் பாலிடெக்னிக்கிலும் சேர்ந்து இன்று உதவித்தொகை பெற வந்திருக்கும் மாணவச் செல்வங்களே! முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஓய்வுபெற்ற ஆலைத் தொழிலாளர்களுக்கு என் தனிப்பட்ட சலாம். இந்தப் பேச்சு உங்களைப் பற்றியதுதான். ஆனால் உங்களில் பாதிப்பேருக்கு நான் பேசுவது சரியாகக் கேட்காது என்பதும் எனக்குத் தெரியும். அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

வழக்கமாக இந்த மேடையில் கல்வியின் சிறப்பைப் பற்றிப் பேசுவோம். இன்று ஒரு இயந்திர உறுப்பைப் பற்றிப் பேசுகிறேன். விசைத்தறியில் நாடாவை ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்கு எறிகிற உறுப்பு. 'இதற்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?' என்று கேட்காதீர்கள். இந்த ஊரில் மூன்று தலைமுறை அதை வைத்துத்தான் சோறு தின்றது.

சங்கு ஊதிய ஊர்

புதுச்சேரி என்றால் வெளியூர்க்காரர்களுக்குக் கடற்கரையும் பிரெஞ்சு வீதிகளும் நினைவுக்கு வரும். நமக்கு ஆலைச் சங்கு நினைவுக்கு வரும். 1820-களின் இறுதியிலேயே இங்கு நூலாலை வந்துவிட்டது. அதுதான் பின்னாளில் சவானா, அதற்கும் பின்னால் சுதேசி மில். 1892-இல் கெப்ளே மில் வந்தது. அது பிறகு பாரதி மில் ஆனது. 1898-இல் ஆங்கிலோ பிரெஞ்சு மில், நாம் ரோடியர் மில் என்றும் ஏ.எஃப்.டி. என்றும் சொல்வது. இந்த ஊரில் நெய்து அவுரியில் தோய்த்த நீலத்துணி 'கினி' என்ற பெயரில் கப்பலேறி மேற்கு ஆப்பிரிக்காவின் செனகல் வரை போனது. அங்கே அந்தத் துணியைக் கொடுத்துக் கருவேலம் பிசினை வாங்கினார்கள். நம் கடற்கரையில் நெய்த துணியை, நாம் பார்த்தே இராத ஊர்களில் நம் சகோதர முஸ்லிம்கள் உடுத்தினார்கள்.

1936 ஜூலை 30 அன்று வேலை நேரம், கூலி, சங்கம் வைக்கும் உரிமை இவற்றுக்காகப் போராடிய தொழிலாளர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. 12 பேர் உயிரிழந்தார்கள். தோழர் வ. சுப்பையா முதலியோர் நடத்திய அந்தப் போராட்டத்தின் பலனாக, பிரெஞ்சு இந்தியாவுக்கு 1937-இல் வந்த தொழிலாளர் சட்டம் எட்டு மணி நேர வேலையைத் தந்தது. ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 30 வரும்போது அவர்களை நினைக்கிறோம், நினைக்கவும் வேண்டும். எட்டு மணி நேரம் என்பது அவர்கள் வாங்கித் தந்தது. ஆனால் அந்த எட்டு மணி நேரத்துக்குள் தறிக்கூடத்தில் என்ன நடந்தது? அதை யாரும் பெரிதாக எழுதி வைக்கவில்லை. அதை நான் என் அத்தாவிடமிருந்து கற்றேன்.

நாடா எப்படிப் போகிறது?

மாணவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். தறியில் நீளவாக்கில் ஓடுவது பாவு. குறுக்கே போவது ஊடை. விழுதுகள் பாவு நூல்களில் ஒரு பாதியை மேலேயும் மறு பாதியைக் கீழேயும் பிரித்து ஒரு வாயைத் திறக்கும். அந்த வாய் வழியாக நாடா ஓடும். அதன் வயிற்றில் தார் இருக்கும். தாரிலிருந்து ஊடை நூல் அவிழ்ந்துகொண்டே வரும். பிறகு பண்ணை முன்னால் வந்து அந்த நூலைத் துணியோடு அடித்துச் சேர்க்கும். வாய் திறப்பது, நாடாவை எறிவது, அடித்துச் சேர்ப்பது. தறியின் வேலை இந்த மூன்றுதான்.

கையால் நெய்த காலத்தில் நெசவாளர் ஒரு கையால் நாடாவை எறிந்து மறு கையால் பிடிப்பார். கை எட்டும் அகலத்துக்குத்தான் துணி வரும். அதைவிட அகலம் வேண்டுமென்றால் இரண்டு பேர் உட்கார வேண்டும். 1733-இல் இங்கிலாந்தின் லங்காஷயரைச் சேர்ந்த ஜான் கே என்பவர் தறியின் இரு ஓரத்திலும் ஒரு பெட்டி வைத்தார். பெட்டிக்குள் நாடாவைத் தள்ள ஒரு கட்டை, கட்டையை இழுக்க ஒரு கயிறு. நெசவாளர் நடுவில் உட்கார்ந்து கயிற்றைச் சுண்டினால் நாடா பறந்தது. அதுதான் விசைநாடா. அதைப் பயன்படுத்திய முதலாளிகள் அவருக்குத் தரவேண்டிய தொகையைத் தரவில்லை. வழக்குகளில் அவர் நொடிந்தார். 1747-இல் பிரான்சுக்குப் போனார். அங்கே அரசு அவருக்கு உதவித்தொகை கொடுத்தது. ஆனாலும் வறுமையில்தான் இறந்தார்.

நம் தமிழ்நாட்டுக் கைத்தறிக்கு அந்த விசைநாடா பரவலாக வர ஏறத்தாழ 170 ஆண்டுகள் ஆயிற்று. 1900-களின் தொடக்கத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் என்ற அதிகாரி சென்னையிலும் சேலத்திலும் அதை நெசவாளர்களுக்குக் காட்டி ஊக்குவித்தார்.

கயிற்றைச் சுண்டும் கையின் இடத்தில் இயந்திரம் வந்தபோதுதான் கதை மாறியது. 1785-இல் எட்மண்ட் கார்ட்ரைட் என்ற பாதிரியார் விசைத்தறிக்குக் காப்புரிமை பெற்றார். அடுத்த அறுபது ஆண்டுகளில் பலர் கைபட்டு அது லங்காஷயர் தறியாக உருவெடுத்தது. நம் ஊர் மூத்த தொழிலாளர்கள் கையாண்டதும் அந்த வகைதான்.

அதில் நாடாவை எறிவது இப்படி. தறிக்கு அடியில் ஒரு தண்டு சுழலும். அதில் மூக்கு போல் துருத்திய ஓர் இரும்புத் தட்டு, டாப்பெட் என்பார்கள். அந்த மூக்கு ஓர் உருளையை இடிக்கும். அந்த இடி ஒரு தண்டைத் திருப்பும். தண்டு ஒரு மரக்கோலை வீசும். கோலில் கட்டிய தோல் வார் பிக்கரை இழுக்கும். பிக்கர் நாடாவின் முனையில் அடிக்கும். நாடா பாய்ந்து மறு பெட்டிக்குள் போய் நிற்கும். உடனே அந்தப் பக்கத்துப் பிக்கர் அதைத் திருப்பி அடிக்கும். அந்தக் காலத்துப் பிக்கர் எருமைத் தோலால் ஆனது. நாடா உறுதியான மரம், இரு முனையிலும் இரும்புக் கூர்.

இப்போது ஒரு கணக்கு. காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். தறி நிமிடத்துக்கு 180 ஊடை போடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஊடைக்கு மூன்றில் ஒரு பங்கு வினாடி. வாய் திறந்திருக்கும் நேரம் அதிலும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். அந்தச் சிறு பொழுதில் நாடா முழு அகலத்தையும் கடந்தாக வேண்டும். அதற்கு வினாடிக்கு 13 மீட்டர் வேகம் தேவை. மணிக்கு 47 கிலோமீட்டர். நாடாவின் எடை 400 கிராம். ஒரு கிலோ எடைக்கல்லைப் பதினோரு அடி உயரத்திலிருந்து போட்டால் தரையில் எவ்வளவு விசையோடு விழுமோ, அவ்வளவு ஆற்றல் ஒவ்வோர் எறிதலிலும் இருக்கிறது. மறு பெட்டியில் அந்த ஆற்றல் முழுவதையும் ஒரு சாண் தூரத்துக்குள் அடக்க வேண்டும். அது எங்கே போகும்? சூடாகப் போகும், தேய்மானமாகப் போகும், சத்தமாகப் போகும்.

இத்தனையும் எதற்கு? 20-ஆம் நம்பர் பருத்தி நூல் ஒன்றேகால் மீட்டரைக் குறுக்கே கொண்டுபோக. அந்த நூலின் எடை ஒரு கிராமில் ஏறத்தாழ இருபத்தேழில் ஒரு பங்குதான். அதாவது, சுமையைவிட வண்டி பத்தாயிரம் மடங்குக்கு மேல் கனம். இதுதான் நாடாத் தறியின் அடிப்படைக் குறை.

தறி நிற்காமல் ஓடினால் ஒரு ஷிஃப்டில், எட்டு மணி நேரத்தில், 86,400 அடி. ஒரு நாளில் எத்தனை வினாடி உண்டோ அத்தனை அடி. இது ஒரு தறிக்கு. கூடத்தில் நூற்றுக்கணக்கான தறிகள்.

அத்தாவின் வார்

என் அத்தா தறி ஃபிட்டர். எந்த ஆலை என்று சொல்லப் போவதில்லை. ஆலையும் இப்போது இல்லை, அந்த மேலாளர்களும் இல்லை. அத்தா பள்ளிக்கூடம் அதிகம் போகாதவர். ஆனால் தறியின் சத்தத்தை வைத்தே எந்தத் தறியில் எந்த ஆணி தளர்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். அது அவர் செவி நன்றாக இருந்த காலம்.

மழை மாதத்தில் தோல் வார் ஈரத்தில் நீண்டுவிடும். நம் ஊர் கடற்கரை ஊர். ஐப்பசி கார்த்திகையில் சொல்லவே வேண்டாம். வார் நீண்டால் அடி மெலியும். நாடா முழுத் தூரம் போகாது. நாடா நேரத்துக்குப் பெட்டிக்கு வந்து சேராவிட்டால் தறியே இடித்து நின்றுவிடும்படி ஒரு காப்பு உண்டு. இல்லாவிட்டால் பாவு முழுவதும் அறுந்துபோகும். தறி நின்றால் உற்பத்தி நின்றது. உடனே 'ஃபிட்டர்!' என்று கூப்பிடுவார்கள். ஃபிட்டர் வந்து வாரைச் சுருக்குவார். அடி பலமாகும். தறி ஓடும். எல்லோருக்கும் மகிழ்ச்சி.

மதியம் வெயில் வந்தால் வார் காயும். இப்போது அடி தேவைக்கு மேல் பலம். நாடா மறு பெட்டியில் மோதித் துள்ளும். துள்ளிய நாடாவுக்கும் பிக்கருக்கும் நடுவில் இடைவெளி விழும். அடுத்த அடி நாடாவில் ஒழுங்காகப் படாது. நாடா கோணலாகப் புறப்படும். கோணலாகப் புறப்பட்ட நாடா எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

ஒரு நாள் அது பறந்தது. அடுத்த தறியில் நின்றவரின் கண்ணில் பட்டது. கிராமத்திலிருந்து சைக்கிளில் வேலைக்கு வரும் இந்துச் சகோதரர். அந்தக் கண் போய்விட்டது.

இதை அத்தா எங்களிடம் சொன்னது அவருடைய கடைசி வருடங்களில். சொன்னது இப்படி: "அந்த வாரத்தில் தறி வேகத்தை 180-இலிருந்து 200 ஆக்கச் சொல்லி மேலிருந்து உத்தரவு. பிக்கர் துளை தேய்ந்திருந்தது எனக்குத் தெரியும். ஸ்டோரில் புதுப் பிக்கர் இல்லை என்றார்கள். நாடா பறக்காமல் தடுக்கும் காப்புக் கம்பியை, அறுந்த நூலை முடிச்சுப் போட இடைஞ்சலாக இருக்கிறது என்று எப்போதோ கழற்றிவிட்டார்கள். அதுவும் எனக்குத் தெரியும். நான் வாரை மட்டும் இறுக்கினேன். விசாரணையில் தொழிலாளியின் கவனக்குறைவு என்று எழுதினார்கள். ஃபிட்டர் என்ற முறையில் என்னிடம் கையெழுத்துக் கேட்டார்கள். போட்டேன்."

அந்தக் கையெழுத்துக்குப் பிறகு அத்தா மாதாமாதம் சம்பளத்தில் ஒரு தொகையை ஒதுக்கி அந்த வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். உம்மாவுக்குக்கூடத் தெரியாது. சீட்டு கட்டுகிறார் என்று நினைத்திருந்தோம். அவர் மவுத்துக்கு வந்த அந்தக் குடும்பத்தார் சொல்லித்தான் எத்தனை வருடம் கொடுத்தார் என்பது தெரிந்தது.

அத்தாவை நல்லவராகக் காட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. அவரே தன்னை அப்படி நினைக்கவில்லை. "பணம் கொடுத்தேன். கையெழுத்தைத் திரும்ப வாங்க முடியவில்லை" என்றுதான் சொன்னார். அவர் செய்த தவறை மாணவர்கள் ஃபிட்டர் கண்கொண்டு பார்க்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். நாடா போய்ச் சேரவில்லை என்றால் அதற்கு ஐந்தாறு காரணம் இருக்கும். பிக்கர் தேய்ந்திருக்கலாம். பெட்டி பண்ணைக்கு நேராக இல்லாமல் விலகியிருக்கலாம். வாய் சரியாகத் திறக்காமல் இருக்கலாம். அறுந்த பாவு நூல் பக்கத்து நூலில் சிக்கியிருக்கலாம். அடிக்கும் நேரம் முந்தியோ பிந்தியோ இருக்கலாம். வார் தளர்ந்திருக்கலாம். இத்தனையும் பார்க்காமல் வாரை இறுக்குவது, காரணத்தைத் தேடாமல் பலத்தைக் கூட்டுவது. வேகத்தை 180-இலிருந்து 200 ஆக்கினால் பத்தில் ஒரு பங்குதான் கூடுகிறது என்று தோன்றும். ஆனால் அடியின் ஆற்றல் வேகத்தின் இருமடிப்படி கூடும். ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு கூடிவிடும். அந்தக் கணக்கு அத்தாவுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரிய வேண்டும்.

அதன்பின் அத்தா மாறினார். வாரைத் தொடுமுன் பிக்கரையும் பெட்டியையும் பார்ப்பார். மழைக்குச் சுருக்கிய வாரில் சாக்பீஸ் குறி போட்டு, வெயில் வந்ததும் பழைய அளவுக்குத் தளர்த்துவார். பெட்டியின் முடிவில் பழைய பெல்ட் துண்டை மடித்து மெத்தை வைப்பார். நாடா துள்ளாமல் உட்காரும். காப்புக் கம்பி இல்லாத தறியை ஓட்டித் தரமாட்டேன் என்று நின்றதால் ஒரு முறை மெமோ வாங்கினார். அவர் ஒன்றும் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் அவர் கை போன திசை சரியான திசை.

அடியைக் குறைத்தவர்களே முன்னேற்றினார்கள்

எப்படி என்று கேட்டால், உலகம் முழுக்க இந்த உறுப்பைத் திருத்தியவர்களின் வரலாறு அதையே சொல்கிறது. மான்செஸ்டரில் ஷெர்லி நிறுவனம் என்ற பருத்தி ஆராய்ச்சிக் கூடம் இருந்தது. நாடா எறியப்படுவதை அங்கே அளந்து பார்த்தார்கள். டாப்பெட்டின் மூக்கு வடிவம் சரியில்லாவிட்டால் விசை முழுவதும் ஒரு நொடியில் இடியாக விழுகிறது. வடிவத்தைத் திருத்தினால் அதே வேகத்தை மெல்ல மெல்ல ஏற்றிக் கொடுக்கலாம் என்று காட்டினார்கள். நாடாவின் வேகம் குறையவில்லை. அடியின் கடுமை குறைந்தது. சுவரில் ஆணியை ஒரே அடியில் இறக்குவதற்கும், பாரவண்டியைத் தோள் கொடுத்துத் தள்ளுவதற்கும் உள்ள வேறுபாடு. தோல் பிக்கரின் இடத்தில் நைலான் முதலிய செயற்கைப் பொருள் பிக்கர் வந்தது. அது தோல் போல் ஈரத்துக்கு நீளாது.

ஜப்பானில் சகிச்சி டொயோடா என்று ஒருவர். தச்சரின் மகன். அவருடைய தாய் தறியில் படும் பாட்டைப் பார்த்து வளர்ந்தவர் என்று சொல்வார்கள். தறியை ஓட்டுவதைவிடத் தறியை நிறுத்துவதில்தான் அவர் மூளை அதிகம் வேலை செய்தது. நூல் அறுந்தால் தறி தானாக நிற்க வேண்டும். தார் தீர்ந்தால் நாடா தானாக மாற வேண்டும். 1924-இல் அவர் முடித்த ஜி வகைத் தறியில், ஓட்டம் நிற்காமலே புது நாடா உள்ளே போகும். லங்காஷயருக்கே தறி செய்து கொடுத்த பிளாட் பிரதர்ஸ் நிறுவனம் 1929-இல் ஒரு லட்சம் பவுனுக்கு அந்த உரிமையை வாங்க ஒப்பந்தம் செய்தது. அவர் மகன் தொடங்கியதுதான் இன்று நாம் சாலையில் பார்க்கும் டொயோட்டா கார்.

பிறகு சுவிட்சர்லாந்தின் சுல்சர் நிறுவனம் அடிப்படைக் குறையிலேயே கை வைத்தது. வண்டி ஏன் இவ்வளவு கனமாக இருக்க வேண்டும்? தாரை வெளியே நிறுத்திவிடு. நூலின் நுனியை மட்டும் பிடித்துக்கொண்டு போக ஒரு சின்ன இரும்புத் துண்டு போதும் என்றார்கள். அதன் எடை 40 கிராம். நம் நாடாவில் பத்தில் ஒரு பங்கு. அதை எறிய, ஓர் எஃகுத் தண்டை முறுக்கி வைத்து விடுவித்தார்கள். 1950-களில் இது சந்தைக்கு வந்தது. அதன் பிறகு நூலைக் கையில் பிடித்துக் கொண்டுபோகும் ரேப்பியர் தறி, காற்றை ஊதி நூலைச் செலுத்தும் ஏர்ஜெட் தறி. ஏர்ஜெட்டில் வண்டியே இல்லை. சுமை மட்டும் போகிறது. இவையும் சத்தம் போடுபவைதான், குறையில்லாதவை அல்ல. ஆனால் 400 கிராம் மரக்கட்டை பறந்து கண்ணில் படாது.

இன்னொரு பக்கத்தையும் மறைக்கக் கூடாது. புதிய தறி வந்தால் ஒருவர் பல தறிகளைப் பார்த்துக்கொள்வார், ஆள் குறையும். அதனால் நம் ஊரில் சங்கங்கள் அஞ்சின. அந்த அச்சம் நியாயமானது. தறி பழையதாகவே இருந்தால் சந்தையில் நிற்க முடியாது, அதுவும் நடந்தது. 1986-இல் அரசு நிறுவனமாக எடுத்துக்கொள்ளப்பட்ட ஏ.எஃப்.டி. 2020 ஏப்ரல் 30 அன்று மூடப்பட்டது. ஒரு காலத்தில் சங்கு ஊதிய கடலூர் சாலையில் இன்று ஏ.எஃப்.டி. திடல் என்று பொருட்காட்சிக்கும் பொதுக்கூட்டத்துக்கும் இடம் சொல்கிறோம். தறி போய்விட்டது. தறி விட்டுச்சென்றது மட்டும் நம் வீடுகளில் இருக்கிறது.

கேளாத செவிகள்

அது என்ன? செவி. நாடாத் தறிக்கூடத்தின் சத்தம் 95 முதல் 100 டெசிபல், சில இடங்களில் அதற்கும் மேல். நம் நாட்டுத் தொழிற்சாலை விதிகள் எட்டு மணி நேரத்துக்கு அனுமதிப்பது 90. 95 ஆனால் நான்கு மணி நேரம்தான், 100 ஆனால் இரண்டு மணி நேரம்தான் இருக்கலாம். நம் பெரியவர்கள் எட்டு மணி நேரமும், ஓவர்டைம் வந்தால் பதினாறும், முப்பது முப்பத்தைந்து ஆண்டுகள் நின்றார்கள்.

இந்தச் செவிக்கேடு ஒரே நாளில் வராது, வலிக்காது. உட்செவியின் நுண்ணிய உணர்வு முடிகள் கொஞ்சம் கொஞ்சமாக அழியும். அழிந்தவை திரும்ப முளைப்பதில்லை. முதலில் போவது கீச்சொலி. குழந்தையின் குரல், பெண்களின் குரல், 'ச', 'த', 'ப' போன்ற மெய்யொலிகள். அதனால்தான் பெரியவர்கள் "பேசுவது கேட்கிறது, என்ன பேசுகிறீர்கள் என்று விளங்கவில்லை" என்கிறார்கள். நாம் என்ன செய்கிறோம்? "கிழவருக்கு வேண்டியது மட்டும் கேட்கும்" என்று சிரிக்கிறோம்.

நானும் சிரித்தவன்தான். கல்லூரியில் படித்த காலத்தில், வீட்டில் அத்தா கத்திப் பேசுகிறார், டிவியை அலறவிடுகிறார் என்று நண்பர்களை வீட்டுக்கு அழைக்கக் கூசியிருக்கிறேன். ஜும்ஆவில் அவர் எப்போதும் முதல் வரிசைக்கு முண்டியடிப்பார். பெருமைக்காக என்று நினைத்தேன். இமாமின் உதடு தெரிய வேண்டும் என்பதற்காக என்று பின்னால்தான் புரிந்தது. கடைசி நாட்களில் பேத்தி கூப்பிட்டால் அவருக்குக் கேட்காது. அவள் போய் முழங்காலைத் தொடுவாள். அவர் குனிவார்.

அவருக்கு ஒரு செவிக்கருவி வாங்கித் தந்திருக்கலாம். வாங்கித் தரும் வசதி எனக்கு இருந்தது. அது வயதால் வந்தது, அதற்கு மருந்தில்லை என்று நினைத்துவிட்டேன். அத்தா தன் கையெழுத்தைப் பற்றிச் சொன்னது போல, என் பங்குக்கு நான் சொல்ல வேண்டியது இது.

இது வயதால் மட்டும் வருவதல்ல. சத்தத்தால் வரும் செவிக்கேடு 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலிலேயே இருந்தது. ஈ.எஸ்.ஐ. சட்டத்தின் பட்டியலிலும் இருந்தது. நம் வீடுகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

என்ன செய்யப் போகிறோம்?

நம் அறக்கட்டளை எடுத்திருக்கும் முடிவைச் சொல்லி முடிக்கிறேன்.

முதலாவதாக, ஓய்வுபெற்ற ஆலைத் தொழிலாளர்களின் வீட்டுப் பட்டியல் எடுக்கிறோம். முல்லா வீதியில் தொடங்கி, நம் மஹல்லாவில் வீடு வீடாக இளைஞர்கள் வருவார்கள். பெயர், பார்த்த வேலை, தறிக்கூடமா நூற்புப் பிரிவா, எத்தனை ஆண்டு என்று கேட்பார்கள். பிறகு காது மூக்கு தொண்டை மருத்துவரைக் கொண்டு செவித்திறன் சோதனை முகாம் நடத்துவோம். ஜிப்மர், அரசு மருத்துவமனைகளுக்குப் போக வேண்டியவர்களை நம் செலவில் ஆட்டோவில் அழைத்துப் போய்க் கூடவே இருந்து அழைத்து வருவோம். மாற்றுத்திறனாளிச் சான்று கிடைக்கும் அளவுக்குக் குறைபாடு இருந்தால், அரசுத் திட்டத்தில் செவிக்கருவி பெற விண்ணப்பம் எழுதித் தருவோம். கிடைக்காதவர்களில் ஜகாத் பெறத் தகுதியுள்ளவர்களுக்கு ஜகாத் நிதியிலிருந்தும், மற்றவர்களுக்குப் பொது நன்கொடையிலிருந்தும் வாங்கித் தருவோம். முகாம் எல்லா சமயத்தாருக்கும் உண்டு. தறிக்கூடத்தில் எல்லோரும் ஒரே சத்தத்தில்தான் நின்றார்கள்.

இரண்டாவதாக, நம் பிள்ளைகள் சிலர் திருப்பூர், பல்லடம், சோமனூர், ஈரோடு பக்கம் வேலைக்குப் போகிறார்கள். அங்கே நாடா விசைத்தறி இன்றும் ஓடுகிறது. போகும் பிள்ளைக்குத் தலையணையும் ஊறுகாயும் கட்டிக் கொடுக்கும் தாய்மார்களே, காதடைப்பானும் கொடுத்து அனுப்புங்கள். விலை அதிகமில்லை. நம் அலுவலகத்தில் இலவசமாகவே வைக்கிறோம். ஈ.எஸ்.ஐ. அட்டை போட்டார்களா என்று முதல் மாதமே கேட்கச் சொல்லுங்கள்.

மூன்றாவதாக, இன்று உதவித்தொகை பெறும் மாணவர்களுக்கு. நீங்கள் நாளை தறியைத் தொடாமல் இருக்கலாம். லேத், பிரஸ், லிஃப்ட், ஏசி என்று எதைத் தொட்டாலும் ஒரு நாள் உங்களிடம் "இன்னும் கொஞ்சம் இறுக்கு, ஓடட்டும்" என்று ஒருவர் சொல்வார். அப்போது மூன்று காரியம் செய்யுங்கள். ஏன் ஓடவில்லை என்று பாருங்கள். காப்புக் கம்பி இருக்கிறதா என்று பாருங்கள். அந்த இயந்திரத்தின் பக்கத்தில் நிற்பவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அவருக்குத் தெரிந்தது வரைபடத்தில் இருக்காது. கையெழுத்து அதற்குப் பிறகுதான்.

கடைசியாக, வீட்டில் பெரியவர்கள் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அவர்களோடு பேசும்போது முன்னால் வந்து, முகம் தெரியும்படி நின்று, நிதானமாகப் பேசுங்கள். கத்த வேண்டாம். கத்தினால் சத்தம்தான் கூடும், சொல் விளங்காது. அதற்குச் செலவில்லை, முகாம் வரை காத்திருக்கவும் வேண்டாம்.

முன்வரிசைப் பெரியவர்களே, உங்களுக்குக் கேட்டிருக்காது என்பதற்காக இந்த உரையைப் பெரிய எழுத்தில் அச்சிட்டு வாசலில் வைத்திருக்கிறோம். போகும்போது ஒரு பிரதி எடுத்துப் போங்கள். உங்கள் பெயரை இன்றே எழுதிக்கொள்ளத் தம்பிகள் அங்கே உட்கார்ந்திருக்கிறார்கள்.

அல்லாஹ் உங்கள் உழைப்பை ஏற்றுக்கொள்வானாக.